திரையில் பாசி இல்லை, பாஸ்பேட் மட்டும் காணாமல் போனது: ஆல்கே ஸ்கிரப்பர் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கு, பாசியை வளர்த்துத் தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆல்கே ஸ்கிரப்பர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கருவியோடு நிறமில்லாத ஒரு "பாசித் தொடக்கத் திரவம்" கொடுத்து, பாசி பிடிக்கும்வரை தினமும் ஊற்றச் சொன்னால், ஊற்றாதீர்கள். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. பெயரை மாற்றி மாற்றி விற்பவர்கள் என்பதால் அது உங்களுக்குப் பெரிதாக உதவாது. ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஸ்கிரப்பர் என்பதே புளுகு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, பவளப்பாறைகளின் மேல் கம்பளமாகப் படரும் குட்டைப் பாசிகளை ஆராய்ந்தவர். அந்தப் பாசியையே தொட்டிக்கு வடிகட்டியாக்கி 1982இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். வேலை செய்யும் விதம் எளிது. சொரசொரப்பான ஒரு திரை, அதன்மேல் விடாமல் ஓடும் தண்ணீர், பலமான வெளிச்சம். தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொண்டு திரையில் பாசி வளரும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரையைக் கழற்றிச் சுரண்டி எறிவோம். எறிகிற பாசியோடுதான் சத்து தொட்டியை விட்டு வெளியேறுகிறது. சுரண்டக் கைக்குப் பாசி வரவில்லை என்றால், அந்த ஸ்கிரப்பர் எதையும் எடுக்கவில்லை. நான் ஏமாந்தது தெரிய வந்ததும் இதை வைத்துத்தான்.

என் தொட்டியும், வடிகட்டும் கருவிகள் வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டியும் சேர்த்துத் தண்ணீர் சுமார் 600 லிட்டர். மீன் அதிகம், தீனியும் அதிகம். பெரும்பாலும் மென்பவளங்கள், ஓரமாகச் சில அக்ரோபோரா என்ற கடினப் பவளங்கள். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பாஸ்பேட் 0.8 பிபிஎம் என்று ஏறி நின்ற நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "600 லிட்டர் வரை, 24 வாட், 660 நானோமீட்டர், எங்கள் காப்புரிமைத் தொழில்நுட்பம்." கூடவே பச்சைப் பசேலென்று பாசி தொங்கும் திரையின் படங்கள்.

வந்த பெட்டியைத் திறந்தால் திரை பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்கிரப்பரின் அளவைத் தண்ணீரின் லிட்டரை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது. சத்து தண்ணீரிலிருந்து பிறப்பதில்லை, தீனியிலிருந்து வருகிறது. 600 லிட்டரில் இரண்டு சின்ன மீன் இருந்தால் அதற்கு ஒரு கணக்கு, 200 லிட்டரில் மீன் நெருக்கியடித்தால் வேறு கணக்கு. பல வருடமாகப் புழங்கிவரும் விதி, தினம் ஒரு கியூப் உறைதீனிக்கு 12 சதுர அங்குலம், அதாவது சுமார் 77 சதுர சென்டிமீட்டர் திரை, அதுவும் இரண்டு பக்கமும் வெளிச்சம் பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதியாகத்தான் எண்ண வேண்டும். நான் தினம் மூன்று கியூப் போடுகிறேன். எனக்குத் தேவை 230 சதுர சென்டிமீட்டர், வந்ததோ கணக்குப்படி 50. ஒரு கியூபுக்கே காணாது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கைப் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் 7 வாட்டுக்கு மேல் ஏறவில்லை. உண்மையான 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு நம் கண்ணுக்குச் சற்று மங்கிய அடர்சிவப்பாகத் தெரியும். 630 பக்கம் வந்தால்தான் பளிச்சென்று ஆரஞ்சு கலந்து அடிக்கும். இவர்கள் கொடுத்தது கண்ணைக் கூசியது. தண்ணீர் ஓட்டத்துக்கான விதி, திரையின் அகலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மணிக்கு 50 லிட்டர். பத்து சென்டிமீட்டருக்கு 500 வேண்டும். கூட வந்த குட்டிப் பம்பின் மேலேயே 400 என்று அச்சடித்திருக்கிறது, அதுவும் தண்ணீரை மேலே தூக்காமல் ஓட்டும்போது. சம்ப்பிலிருந்து தூக்கும்போது அதில் பாதி வந்தாலே பெரிது. திரையைத் தொட்டுப் பார்த்தேன், வழவழ. பாசி வேரூன்றப் பிடிமானம் வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் வலையை ரம்பப் பல்லால் நன்றாகக் கீறிச் சொரசொரப்பாக்குவார்கள். இங்கே அந்த வேலையே நடக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மட்டமான பொருளை விற்ற கதைதான். இணையத்தில் அது தினமும் நடக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அந்தத் திரவத்துக்காக.

"கருவியின் உயிரே இதுதான் சார், ஒரு நாளும் விடாதீங்க" என்று விற்றவர் செய்தி அனுப்பினார். இயற்கைப் பாசிக் கலவை என்று லேபிளில் இருந்தது. குழாய்த் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. உயிருள்ள பாசி இருக்கும் திரவம் எப்படி நிறமில்லாமல் இருக்கும் என்று கேட்டதற்கு, "வித்து நிலையில் இருக்கு சார்" என்று பதில். சரி, பார்ப்போம் என்று ஊற்றினேன்.

இரண்டாவது வாரத்துக்குள் பாஸ்பேட் 0.8லிருந்து 0.02க்கு வந்துவிட்டது. விற்றவருக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தீங்களா சார், ரிசல்ட்டை ஒரு போட்டோ போட்டு விடுங்க" என்றார். ஆனால் திரையில் கொஞ்சம் பழுப்பு வழுவழுப்பைத் தவிர எதுவும் இல்லை. விரலால் துடைத்தால் போகிற அளவு. புதுத் திரையில் முதலில் பழுப்பு வருவது இயல்புதான். பச்சை முடிப்பாசி பிடித்து ஸ்கிரப்பர் பக்குவப்பட ஒரு மாதம், சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகும். சிக்கல் அதில்தான். பாசியே இன்னும் வரவில்லை, பாஸ்பேட் எங்கே போனது?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 600 லிட்டரில் 0.78 பிபிஎம் குறைந்தால் காணாமல் போனது 468 மில்லிகிராம் பாஸ்பேட். அதில் மூன்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ், சுமார் 150 மில்லிகிராம். பாசியின் உலர் எடையில் பாஸ்பரஸ் மிகத் தாராளமாக ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 15 கிராம் உலர்பாசி வளர்ந்திருக்க வேண்டும். பாசியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், ஈரமாக 150 கிராம். உண்மையில் இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். பாஸ்பரஸ் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு வெகு கீழேதான் இருக்கும், போதாக்குறைக்குப் பாறையும் மணலும் வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் பாஸ்பேட்டைத் தண்ணீரில் குறையக் குறைய வெளியே விடும். அதனாலேயே உண்மையான ஸ்கிரப்பரில் பாஸ்பேட் நிதானமாகத்தான் இறங்கும். என் திரையில் ஒரு ஸ்பூன் அளவுக்குக்கூடப் பாசி இல்லை.

அடுத்தது நைட்ரேட். அது 40லேயே நின்றது. ரெட்ஃபீல்ட் விகிதப்படி கடலில் மிதக்கும் நுண்பாசி ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணு எடுக்கும். பிபிஎம்மில் மாற்றினால் பாஸ்பேட் ஒரு பங்குக்கு நைட்ரேட் பத்துப் பங்கு. ஒட்டி வளரும் பாசிகள் பொதுவாக இன்னும் அதிக நைட்ரஜன் எடுப்பவை. என் தொட்டியில் நைட்ரேட் குறைந்தது எட்டு பிபிஎம்மாவது இறங்கியிருக்க வேண்டும். வண்ண அட்டை பார்த்துச் சொல்லும் டெஸ்ட் கிட்டில் எட்டு பிபிஎம் வித்தியாசம் தவறிப் போகலாம், அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பாசி இல்லாத திரையையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போது சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அந்த நாட்களில் தொட்டியில் வேறு சிலவும் நடந்தன. திரவம் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் புகைமூட்டமாகும். சர்ஜன் மீன் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு பம்ப் வாயருகே போய் நிற்கும். ஃபில்டர் சாக்கில் வெள்ளைத் தூள் படியும். அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்தன. கடைசியில் மணல்மேல் குமிழ் குமிழாகக் காற்று பிடித்த பழுப்புச் சளி, டைனோ என்று சுருக்கிச் சொல்லும் டைனோஃபிளாஜெல்லேட் நுண்ணுயிர். பாஸ்பேட்டோ நைட்ரேட்டோ அடிமட்டத்துக்குப் போன தொட்டிகளில் அது தலைதூக்குவதை ரீஃப் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் செடிகளுக்குப் போடும் பொட்டாசியம் பாஸ்பேட்டைக் கரைத்து, அந்தத் திரவத்தில் சில சொட்டு விட்டேன். உடனே பாலாகத் திரிந்தது. பாசி வித்து பாஸ்பேட்டைப் பார்த்ததும் வெள்ளையாகப் படியாது. லாந்தனம் என்ற உலோகத்தின் உப்பான லாந்தனம் குளோரைடு படியும். தண்ணீரில் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் ஐசிபி சோதனைக்குத் தொட்டித் தண்ணீரை அனுப்பினேன், அறிக்கையில் லாந்தனம் இருந்தது. இயற்கைக் கடல்நீரில் அது இருக்கும் அளவு அந்த மாதிரிச் சோதனையில் பொதுவாகத் தெரியவே தெரியாது. யாரோ ஊற்றினால்தான் வரும். ஊற்றியது நான், ஊற்ற வைத்தது அவர்.

லாந்தனம் குளோரைடைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத லாந்தனம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். நீச்சல்குளங்களில் பாஸ்பேட் எடுக்கப் பயன்படுத்துவது அதைத்தான். பெரிய மீன்காட்சியகங்களிலும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் நன்றாக நீர்த்து, மிக மெல்லச் சொட்டவிட்டு, வெள்ளைப் படிவைப் பிடிக்க நுண்துளை ஃபில்டர் சாக்குக்குள் விட்டு, பாஸ்பேட்டையும் காரத்தன்மையையும் அளந்துகொண்டே செய்வார்கள். என்ன ஊற்றுகிறோம் என்று தெரிந்தால் நாமும் அப்படிச் செய்யலாம். பெயரை மறைத்து, மூடியால் அளந்து நேராகத் தொட்டிக்குள் ஊற்றச் சொன்னதை என்னவென்று சொல்வது? மூடி அளவு எந்தத் தொட்டிக்கும் ஒன்றுதான், பாஸ்பேட் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாபாரத் தந்திரம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஸ்கிரப்பர் வேலை செய்யாது என்று அவர்களுக்கே தெரியும். பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலக்கெடு முடியும்வரை டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் இறங்கிக்கொண்டிருந்தால் போதும். அதற்குள் வாங்கியவர் சந்தோஷமாக விமர்சனமும் எழுதிவிடுவார். அப்புறம் "திரவம் தீர்ந்தால் சொல்லுங்க சார்" என்று அடுத்த பாட்டில். மறுபடி அவர்களின் விமர்சனப் படங்களைப் போய்ப் பார்த்தேன். அத்தனை பேரும் பாஸ்பேட் அளவைத்தான் காட்டுகிறார்கள், ஒருவர்கூட நைட்ரேட்டைக் காட்டவில்லை. சுரண்டி எடுத்த பாசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படமும் இல்லை. விளம்பரத்தில் தொங்கும் பச்சைத் திரையோ இரண்டு பக்கமும் விளக்கு வைத்த அகலமான அருவி மாடல், பெட்டியில் வரும் கருவியே அல்ல.

திரவத்தை நிறுத்தினேன். ஒரு வாரத்துக்குள் பாஸ்பேட் மறுபடி 0.3க்கு ஏறிவிட்டது. பாறையில் இருந்தது வெளியே வர ஆரம்பித்துவிட்டது. திரை அதே பழுப்பு.

கேட்டபோது விற்றவர் சொன்ன காரணங்கள் நாளுக்கு ஒன்றாக மாறின. முதலில் பொறுமை இல்லை என்றார். அப்புறம் உப்பு சரியில்லை, அப்புறம் தீனி அதிகம். காப்புரிமை எண் கொடுங்கள் என்றேன், "அது கம்பெனி ரகசியம் சார்" என்றார். காப்புரிமை எண் ரகசியமாக இருப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஏடி வாங்கிய 1982 காப்புரிமை காலாவதியாகி எவ்வளவோ காலமாகிறது. வலையும் குழாயும் விளக்கும் வாங்கி யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அந்த முறை எங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஐசிபி அறிக்கையை அனுப்பினேன். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

இந்த மாதிரிக் கருவி ஏற்கெனவே வாங்கியவர்கள் திரவத்தை நிறுத்திவிட்டு பாஸ்பேட்டைத் தினமும் அளந்து பாருங்கள், ஏறினால் விடை கிடைத்துவிட்டது. பெரிய தண்ணீர் மாற்றத்தை ஒரே மூச்சில் செய்யாமல், சிறுகச் சிறுக மாற்றுங்கள். ஃபில்டர் சாக்கை அடிக்கடி கழுவுங்கள். காரத்தன்மையையும் அளவெடுங்கள், லாந்தனம் கார்பனேட்டையும் பிடித்துப் படிய வைக்கும். டைனோ வந்திருந்தால் பாஸ்பேட் அடிமட்டத்தில் கிடக்க விடாதீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள் விற்பவரிடம் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் கேளுங்கள், எத்தனை பக்கம் வெளிச்சம் என்று கேளுங்கள், தினம் எத்தனை கியூப் தீனிக்குத் தாங்கும் என்று கேளுங்கள். லிட்டரை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். சுரண்டிய பாசியின் படமும் அதே நாளின் நைட்ரேட் படமும் காட்டச் சொல்லுங்கள். எந்தத் திரவமானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்தில் வாங்காமல் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பணம் கட்டிய சேவை வழியாகப் புகார் கொடுத்தேன். வாட் மீட்டர் படம், திரையை அளந்த படம், ஐசிபி அறிக்கை, அவருடைய செய்திகள் எல்லாம் இணைத்தேன். விளம்பரத்தில் 24 வாட் என்று போட்டுவிட்டு 7 கொடுத்ததுதான் எடுபட்டது, கருவிக்கான தொகை திரும்பி வந்தது. திரவத்துக்கு மட்டும் "பயன்படுத்திய பொருள்" என்று கைவிரித்துவிட்டார்கள், அதனால் பாட்டில்களைப் பற்றிப் புகார் செய்பவர்கள் ஒன்றையாவது மூடி திறக்காமல் வைத்திருங்கள். போன வாரம் அதே பச்சைத் திரைப் படம் வேறொரு பெயரில் வந்திருக்கிறது. பெட்டியின் நிறம் மாறியிருக்கிறது, திரை அளவு எங்கும் போடவில்லை, "1000 லிட்டர் வரை" என்கிறார்கள்.