தரையில் விரித்த ஜாக்கெட்: தார்தென் சகோதரர்களின் ‘லான்ஃபான்’

பெல்ஜியத்தில் லியேஜ் நகரை ஒட்டி, மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் செரான். உருக்காலைகளால் செழித்து, ஆலைகள் நொடித்தபின் வேலையில்லாமல் நின்றுபோன ஊர். திரைப்பட இயக்குநர்களான ஜான்-பியர், லூக் தார்தென் சகோதரர்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள். தங்கள் படங்களில் பெரும்பாலானவற்றை இங்கேயேதான் எடுத்திருக்கிறார்கள். ‘லான்ஃபான்’ என்றால் பிரெஞ்சில் குழந்தை. 1999இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை முதன்முறை வென்ற இந்தச் சகோதரர்களுக்கு, 2005இல் இந்தப் படம் அதை மறுபடியும் வாங்கித் தந்தது.

சோனியாவுக்கு 18 வயது. பிரசவம் முடிந்து, பிறந்து சில நாளே ஆன ஜிம்மியைக் கையில் ஏந்தி வீட்டுக்கு வந்தால், கதவைத் திறப்பது முன்பின் தெரியாத ஆட்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் புரூனோ அந்த வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டான். அவனுக்கு வயது 20, குழந்தையின் அப்பா. பள்ளிச் சிறுவர்களைக் கூட்டுச் சேர்த்துத் திருடுவான். கிடைத்ததை அன்றே விற்று அன்றே செலவழிப்பான். அவள் தேடிப்பிடித்துப் பிள்ளையைக் காட்டும்போதுகூட அவன் கண் தெருவில்தான் இருக்கிறது, எவனோ வருகிறானா போகிறானா என்று.

அவனைக் கெட்டவன் என்று முடிவுகட்ட இயக்குநர்கள் நம்மை விடுவதில்லை. பணம் வந்தால் சோனியாவுக்குத் தன்னுடையதைப் போலவே ஒரு தோல் ஜாக்கெட் வாங்கித் தருகிறான். திறந்த கார் ஒன்றை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுகிறான். காத்திருக்கும் நேரத்தில் ஷூவைச் சேற்றில் தோய்த்து, எகிறிக் குதித்து, சுவரில் தடம் பதித்து விளையாடுகிறான். தலைப்பில் உள்ள குழந்தை ஜிம்மி மட்டும்தானா என்ற கேள்வி அங்கேயே விழுந்துவிடுகிறது.

உதவித்தொகை வாங்க சோனியா வரிசையில் நிற்கிறாள். பிள்ளையைச் சற்று உலாத்திக்கொண்டு வருகிறேன் என்று தள்ளுவண்டியோடு கிளம்புகிறான் புரூனோ. தத்துக்குக் குழந்தை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று, திருட்டுச் சாமான் வாங்கும் பெண் ஒருத்தி சொன்னது அவன் மண்டையில் இருக்கிறது. விலை பேசியாகிவிட்டது: 5,000 யூரோ.

இந்த விற்பனைக் காட்சிக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம். ஆளில்லாத கட்டடம். குழந்தையோடு படியேறுகிறான். காலி அறையில் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் விரித்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்துகிறான். அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறான். வாங்க வருகிறவர்களின் முகம் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது; காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. திரும்பி வந்தால் பிள்ளை இல்லை, பணம் இருக்கிறது. ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நடக்கிறான். வெறும் தரை சில்லிடுமே என்று ஜாக்கெட்டை விரிக்கத் தெரிந்தவன் அவன். அந்த அக்கறைக்கும் விற்பதற்கும் நடுவே முரண் இருப்பதே அவனுக்குப் புலப்படவில்லை. ஒரு வசனமும் இல்லாமல் இது நமக்குப் புரிந்துவிடுகிறது.

வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சோனியாவிடம் வருகிறான். “இன்னொண்ணு பெத்துக்கலாம்” என்கிறான். அவள் அப்படியே மயங்கி விழுகிறாள். முந்தைய படப்பிடிப்பு ஒன்றின்போது, இளம்பெண் ஒருத்தி தள்ளுவண்டியை மூர்க்கமாகத் தள்ளிக்கொண்டு தெருவில் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்ததுதான் இந்தப் படத்தின் வித்து என்று இயக்குநர்கள் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் அப்பன் இல்லையே என்பதுதான் அவர்களை உறுத்தியது.

ஒளிப்பதிவு அலென் மார்கோன். கேமரா தோளில் இருக்கிறது, ஆட்களின் பிடரிக்கு ஒரு முழம் தள்ளி. காட்சிகள் நீளமானவை, வெட்டு குறைவு. அதனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, சாலையைக் கடப்பது, மாடியேறுவது எல்லாவற்றையும் அவனோடு சேர்ந்து நாமும் செய்கிறோம். மனம் மாற அங்கங்கே நேரம் இருந்தும் அவன் மாறவில்லை என்பது இப்படித்தான் நமக்கு உறைக்கிறது. பின்னணி இசையும் கிடையாது. எங்கே கலங்க வேண்டும் என்று வயலின் சொல்லித்தந்து பழகிய காதுகளுக்கு முதல் கால் மணி நேரம் வெறுமையாக இருக்கும். அதன்பின் ஸ்கூட்டர் உறுமலும் லாரி இரைச்சலுமே போதுமென்றாகிவிடும்.

இனி வருவது படத்தின் முடிவைத் தொடுகிறது; பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் கடைசிப் பத்தியையும் தாண்டிவிடலாம். குழந்தையைத் திரும்ப வாங்கிவிடுகிறான். ஆனால் போன லாபத்துக்கு ஈடு கேட்டு அந்தக் கும்பல் கழுத்தைப் பிடிக்கிறது. சோனியா வீட்டுக்குள் சேர்க்க மறுக்கிறாள். ஸ்டீவ் என்ற சிறுவனோடு ஸ்கூட்டரில் போய் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கிறான். துரத்தல். இருவரும் ஆற்றுக்குள் இறங்கி ஒளிகிறார்கள். தண்ணீர் உறைய வைக்கும் குளிர். பையனுக்குக் கால் மரத்துப்போகிறது. கரைக்கு இழுத்துவந்து அவன் காலைப் புரூனோ தேய்த்துவிடுகிறான். படம் தொடங்கியதிலிருந்து அவன் கை பணத்தையும் போனையும் திருட்டுச் சாமானையும்தான் பற்றியிருந்தது. இன்னோர் உடம்பின் வலிக்காக அந்தக் கை அசைவது இங்கேதான்.

பையன் பிடிபடுகிறான். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போலீஸிடம் போய், பொறுப்பு தன்னுடையது என்கிறான் புரூனோ. வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிய அதே உடல், அதே குனிவு. இந்த ஒப்புமையைப் படம் சுட்டிக்காட்டவில்லை, கவனிப்பவர்களுக்கு விட்டுவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பிற்பாதியில் சோனியா ஏறக்குறையக் காணாமல் போகிறாள். சோனியாவாக வரும் தெபோரா பிரான்சுவாவுக்கு இது முதல் படம். நம்ப முடியாத அளவுக்கு நன்றாக நடித்திருக்கிறார். விற்கப்பட்டு மீண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எப்படி நாளைக் கழித்தாள் என்று பார்க்கக் கிடைக்காதது பெரிய இழப்பு. அவள் கதவைச் சாத்தியதும் கேமராவும் வெளியே நின்றுவிட்டது. மிரட்டும் கும்பலும் கதையை நகர்த்தும் அளவுக்கு மட்டுமே இருக்கிறது. புரூனோவாக நடித்த ஜெரெமி ரெனியேயிடம் மட்டும் குறை காண இடமில்லை. அனுதாபம் கேட்டு அவர் முகம் ஓரிடத்திலும் கெஞ்சவில்லை.

சுமார் 95 நிமிடம். இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள். நிறுத்தினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். வசனம் குறைவு என்பதால் சப்டைட்டில் தொல்லை தராது. ரத்தமோ கோரமோ இல்லை. ஆனாலும் கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த வெற்றுத் தள்ளுவண்டியைத் தாங்குவது எளிதல்ல.

கடைசிக் காட்சி சிறையில், பார்வையாளர் நேரம். சோனியா காபி வாங்கி வந்து அவன் முன் வைக்கிறாள். அவன் முதலில் கேட்பது ஜிம்மியைத்தான்.