கடலூருக்கு சொந்தக்காரங்க வந்தா தண்ணிப் பக்கம் எங்க போகலாம்: பாரடைஸ் பீச்சா, ஸ்கூபாவா, பிச்சாவரமா?

போன வருஷம் ஜூன்ல சிங்கப்பூர்லேர்ந்து அக்கா குடும்பம் வந்தப்போ அக்கா பையன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "மாமா, ஸ்நார்கெலிங் போகணும், உங்க ஊர்லதான் கடல் இருக்கே". அவனுக்கு 15 வயசு, மாஸ்க்கும் டியூபும் பெட்டியில வச்சே கொண்டாந்துட்டான். கூட வந்தவங்க அக்கா, அத்தான், 8 வயசு சின்னக்குட்டி, அப்புறம் அத்தானோட அம்மா, அவங்களுக்கு எழுபது தாண்டியாச்சு, முட்டி வலி வேற. இவங்க எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரே நாள்ல எங்க போறதுன்னு ரெண்டு லீவுக்கு மண்டையைக் குடைஞ்சு, போயும் பாத்துட்டுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஸ்நார்கெலிங் விஷயத்தை முடிச்சிடுறேன். தண்ணி மேல குப்புற மிதந்துகிட்டு குழாய் வழியா மூச்சு விட்டு கீழ வேடிக்கை பாக்குறது, அவ்ளோதான் அது, ஆனா அதுக்கு ஆழம் கம்மியா அலை அடங்கின தெளிவான தண்ணி வேணும், கீழ பாக்குறதுக்கு பவளப்பாறை வேணும். அந்தமான்ல ஜாலிபாய், ஹேவ்லாக் பக்கத்து எலிபன்ட் பீச் இங்கெல்லாம் கரைக்குக் கிட்டயே பாறை இருக்கு, அதான் நீச்சல் தெரியாதவங்களும் லைஃப் ஜாக்கெட் மாட்டிகிட்டு மீன் பாத்துட்டு வர்றாங்க. நம்ம கரை அப்படி இல்ல, முழுக்க மணல், சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம்னு ஆறுங்க வரிசையா வண்டலைக் கொண்டாந்து விடுது, அலை கரைக்கு வந்துதான் உடையுது, முட்டியளவு தண்ணியில நின்னாலே பாதம் தெரியாது. தமிழ்நாட்டுக்குள்ள பவளப்பாறைன்னா மன்னார் வளைகுடா இருக்கு, தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவுல 21 தீவு, 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, நினைச்ச தீவுல நம்ம இஷ்டத்துக்கு இறங்க முடியாது, கடலூர்லேர்ந்து 300 கிலோமீட்டருக்கு மேல போகணும். ஒரு நாள்ல நடக்குற காரியம் இல்ல.

அதனால அந்த ஜூன்ல போனது பாரடைஸ் பீச். பாண்டி போற ரோட்டுல சுண்ணாம்பாறு போட் ஹவுஸ், அங்கேர்ந்து போட்ல ஆத்தோட போயி முகத்துவாரத்துக்கிட்ட இறக்கி விடுவாங்க, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவுல மணல், பாத்தா தீவு மாதிரியே இருக்கும். போட் பயணம் உண்மையிலேயே அழகு, சின்னக்குட்டி அதுலயே பாதி சந்தோஷம் ஆயிட்டா. ஆனா கடல் பக்கம் எனக்கு இன்னைக்கு நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. கரை சட்டுனு சரியுது, நாலு அடி வச்சா காலுக்குக் கீழ மண்ணே இருக்காது. பையன் கரையோரம் குனிஞ்சு மாஸ்க்கை மாட்டினான், அடுத்த அலை அவனை உருட்டி விட்டுடுச்சு, மாஸ்க் போச்சு, முழங்கை முழுக்க சிராய்ப்பு, அத்தான் ஓடிப்போய் கையைப் பிடிச்சு இழுத்தாரு. பாண்டிச்சேரி கடற்கரையில அலை இழுத்துட்டுப் போன செய்தி வருஷா வருஷம் வந்துகிட்டே இருக்கு, யாரும் தயவுசெஞ்சு அங்க பசங்களை இடுப்பளவு தண்ணிக்குக்கூட விடாதீங்க. அத்தைக்கு அந்த மணல்ல நடக்கவே முடியல, நிழலைத் தேடி உக்காந்தவங்க கிளம்புற வரைக்கும் எழுந்திருக்கல.

ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரை முதுகுல மாட்டிகிட்டு கடலுக்குள்ள முங்குறது, அது வேற ரகம். பாண்டிச்சேரியில கத்துக்குடுக்குறவங்க இருக்காங்க, முதல்ல நீச்சல் குளத்துல பழக்கிட்டு அப்புறம் போட்ல நடுக்கடலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கரையோர கலங்கலைத் தாண்டிப் போறதால மீன் பாக்க வாய்ப்பு இருக்கு, மழைக்காலம் முடிஞ்சு கடல் அடங்கின பிப்ரவரி, மார்ச் வாக்குல போறது நல்லது. ஆனா குடும்பமா போற விஷயமே இல்ல இது, பொதுவா 10 வயசுக்குக் கீழ எடுக்க மாட்டாங்க, ஆஸ்துமா, இதய நோய் இருந்தா டாக்டர் சம்மதம் இல்லாம இறங்கவே கூடாது. இன்னொண்ணு நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல, ஆழத்துல சிலிண்டர் காத்தை இழுக்கும்போது நைட்ரஜன் உடம்புல கரைஞ்சு நிக்கும், அது வெளியேறுறதுக்குள்ள ஃப்ளைட் ஏறினா உயிருக்கே ஆபத்து. ஒரு தடவை இறங்கினா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் கழிச்சுதான் பறக்கணும். டிசம்பர்ல இவங்க மறுபடி வந்தப்போ பையன் ஸ்கூபாதான் வேணும்னு நின்னான், மிச்சம் இருந்ததே ரெண்டு நாள், அதுலயும் ராத்திரி மீனம்பாக்கத்துல ஃப்ளைட், கடலும் கொந்தளிச்சு கிடந்துச்சு, முடியவே முடியாதுன்னுட்டேன்.

அப்போதான் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனோம். மஞ்சக்குப்பத்துலேர்ந்து விடியக்காலையில கிளம்பி சிதம்பரம், கிள்ளை வழியா போனா வெயில் ஏறுறதுக்குள்ள போட் ஏறிடலாம். மோட்டார் போட் எடுக்காதீங்க, அகலமான வாய்க்காலோட திரும்பிடும், துடுப்புப் படகுதான் மரங்களுக்கு நடுவுல குகை மாதிரி இருக்குற சின்ன வாய்க்காலுக்குள்ள போகும். அத்தையை ஏத்தும்போது மட்டும் ரெண்டு பேர் கை குடுத்தோம், அப்புறம் அவங்க உக்காந்த இடத்துலேர்ந்தே எல்லாத்தையும் பாத்தாங்க. பையன் முதல்ல முகத்தைத் தூக்கி வச்சிருந்தான். போட்காரர் சேத்துலேர்ந்து பென்சில் மாதிரி மேல நீட்டிகிட்டிருந்த வேருங்களைக் காட்டி, "தம்பி, இது வெண்கண்டல், சேத்துக்குள்ள காத்து இல்ல, அதனால மேல வந்து மூச்சு விடுது"ன்னாரு, பையன் உடனே "மாமா, மரமே ஸ்நார்கெல் போட்டிருக்கு"ன்னான், அதுக்கப்புறம் போனை எடுக்கவே இல்ல. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்த தில்லை மரமும் இங்க உண்டு, அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு, பசங்களை எலை கிள்ள விடாதீங்க. 2004 சுனாமி அப்போ இந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்களுக்கு அடி குறைவுன்னு அவர் சொன்னப்போ அத்தை கையெடுத்துக் கும்பிட்டாங்க. குளிர்காலம்ங்கிறதால பறவைங்க வேற கூட்டம் கூட்டமா.

தண்ணிக்குள்ள மீன் பாக்க முடிஞ்சுதான்னா, இல்ல. ஆனா 8 வயசும் எழுபதும் ஒரே படகுல பயமில்லாம உக்கார முடிஞ்சுது, மத்த ரெண்டுலயும் அது நடக்காது. கோயில் நடை மதியம் சாத்துறதுக்குள்ள சிதம்பரம் திரும்பி, தரிசனம் முடிச்சு, கொத்சு ஊத்தி சம்பா சாதம் சாப்ட்டுட்டு சாயங்காலம் வீட்டுல இருந்தோம்.

வர்ற மார்ச்ல ஒரு கல்யாணத்துக்கு அக்கா வர்றா. பையனும் அத்தானும் மட்டும் ஸ்கூபா போகட்டும், கல்யாணத்துக்கு முந்தின வாரமே வரச் சொல்லியிருக்கேன், ஃப்ளைட்டுக்கு நாலு நாள் இடைவெளி இருக்கும்.