க்ரூசேடர் கிங்ஸ் 3: அரசர் கண்ணை மூடிய பிறகுதான் ஆட்டம்

ஃபேன்டஸி வியூக விளையாட்டுகள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. அவற்றில் அரசர்கள் சாவதே இல்லை. டோட்டல் வார்: வார்ஹாமர் 3-இல் புகழ்பெற்ற தலைவன் ஒருவன் போரில் விழுந்தால் காயம் என்றுதான் கணக்கு, சில சுற்று கழித்து மறுபடி வந்து நிற்பான். ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4-இலும் அரசர் விழுந்தால் சில சுற்றில் திரும்பி வந்துவிடுவார். டிராகன், மந்திரம், மிதக்கும் கோட்டை என்று எல்லாம் இருக்கும். பெரியவர் போன பிறகு வீடு என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் இருக்காது. எனக்கு வேண்டியதோ அந்தக் கேள்விதான். அதை மையத்தில் வைத்த ஒரே பெரிய விளையாட்டாக நான் கருதுவது க்ரூசேடர் கிங்ஸ் 3.

ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் இதை 2020 செப்டம்பரில் வெளியிட்டது. அடிப்படை ஆட்டத்தில் டிராகன் கிடையாது. அது இடைக்கால வரலாறு. 867-இலோ 1066-இலோ தொடங்கி 1453 வரை ஆடலாம். கையில் இருப்பது ஒரு நாடு என்று சொல்வதை விட ஒரு வம்சம் என்று சொல்வதே சரி. ஆள்பவர் இறந்த அடுத்த நொடி அவருடைய வாரிசாக நீங்கள் மாறிவிடுகிறீர்கள். அவர் முட்டாளோ, குடிகாரரோ, ஆறு வயதுப் பிள்ளையோ, அவர்தான் இனி நீங்கள்.

எனக்குப் பத்திரம் எழுதுவது தொழில். பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் என்று பகலெல்லாம் அதுதான். அதனாலோ என்னவோ, இந்த ஆட்டத்திலும் படைத் திரையை விட வாரிசுரிமைப் பக்கத்தைத்தான் அதிகம் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இந்த மதிப்புரையும் அதைப் பற்றியது மட்டுமே. போர், வரி, கட்டடம் பற்றியெல்லாம் எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு வாய்ப்பது ஒரு கடுமையான பங்கீட்டுச் சட்டம். பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. தலைநகரும் முதன்மைப் பட்டமும் மூத்தவனுக்கு. மீதி நிலமும் பட்டங்களும் தம்பிகளுக்குப் பிரியும். இதோடு நின்றால் பரவாயில்லை. இரண்டாவது ராஜ்யம் ஒன்றை உருவாக்கும் அளவுக்கு உங்களிடம் நிலம் இருந்து, அந்தப் பட்டத்தை நீங்கள் உருவாக்காமலே விட்டிருந்தால், உங்கள் சாவில் ஆட்டமே அதை உருவாக்கி இளையவன் தலையில் வைத்துவிடும். அவன் அண்ணனுக்குக் கீழே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தனி ராஜா. நீங்கள் நாற்பது வருடம் சண்டை போட்டுச் சேர்த்தது ஒரே நாளில் இரண்டு நாடாகி, நடுவில் எல்லைக்கோடு விழுந்துவிடும்.

காலம் போகப் போகச் சட்டம் கொஞ்சம் இளகும். அடுத்த படியில் புதிய பட்டங்கள் தானாக உருவாவது நின்றுவிடும். அதற்கும் அடுத்த படியில் மூத்தவனுக்குக் குறைந்தது பாதி உறுதி. முழுச் சொத்தும் தலைமகனுக்கே என்ற சட்டம் பிந்தைய இடைக்காலத்தில்தான் வரும். ஆட்டத்தில் அந்தக் காலம் 1200-இல் தொடங்குகிறது. நீங்கள் 1066-இல் ஆரம்பித்தால் நாலைந்து தலைமுறையாவது பங்கு போட்டே தீர வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நாட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் லியோனைத்தான் காட்டுவேன். 1065 டிசம்பரில் ஸ்பெயினின் வடபகுதியை ஆண்ட முதலாம் ஃபெர்னாண்டோ இறந்தார். மூத்தவன் சாஞ்சோவுக்குக் காஸ்டீல், நடுவுள்ள அல்ஃபோன்சோவுக்கு லியோன், கடைசி கார்சியாவுக்கு கலீசியா. பெண் பிள்ளைகளையும் விடவில்லை: உர்ராக்காவுக்கு சமோரா, எல்விராவுக்கு டோரோ. உண்மையில் நடந்தது இது. 1071-இல் அண்ணன்கள் இருவரும் சேர்ந்து தம்பியின் கலீசியாவைப் பறித்தார்கள். அடுத்த வருடம் ஜனவரியில் சாஞ்சோ அல்ஃபோன்சோவையும் தோற்கடித்து விரட்டினான். அக்டோபரில் அக்காவின் சமோராவை முற்றுகையிட்டிருந்த சாஞ்சோ கொலையானான். நாடுகடந்து கிடந்த அல்ஃபோன்சோ திரும்பி வந்து மூன்று கிரீடத்தையும் எடுத்துக்கொண்டான். கார்சியா சிறைக்குப் போனவன் 1090-இல் சாகும்வரை வெளியே வரவில்லை. ஆட்டத்தின் 1066 வரைபடத்தில் இந்த மூன்று சகோதரர்களும் பக்கத்துப் பக்கத்தில், அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் காத்திருக்கிறார்கள்.

நான் அல்ஃபோன்சோவை எடுத்தேன். சகோதரர்களின் கிரீடங்களைச் சேர்ப்பது சிரமமில்லை. அதை விவரிக்கவும் தேவையில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். எனக்கும் மூன்று பையன்கள் பிறந்தார்கள். வாரிசுரிமைப் பக்கத்தைத் திறந்தேன். மூன்று முகங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கிரீடம். லியோன் மூத்தவனுக்கு, காஸ்டீல் அடுத்தவனுக்கு, கலீசியா கைக்குழந்தைக்கு. திரையின் மேலே ஒரு எச்சரிக்கையும் வந்து உட்கார்ந்துகொண்டது: உங்கள் வாரிசு பட்டங்களை இழப்பான். ஃபெர்னாண்டோ உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இப்போது நான். யாரும் வந்து கதை சொல்லவில்லை. சட்டமே என்னை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஒரு விளையாட்டு வரலாற்றை இவ்வளவு நேர்மையாகக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

தப்பிக்க வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு. ஒரு பட்டத்தைக் கலைத்துப் பார்க்கலாம். ஆனால் பழைய சட்டத்தில் நிலம் கையில் இருக்கும்வரை உங்கள் சாவில் அது மறுபடி முளைக்கும். வம்சத் தலைவர் நீங்களாக இருந்தால், சேர்த்து வைத்த வம்சப் புகழைச் செலவழித்து ஒரு பிள்ளையை வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம். அந்தப் புகழ் பல தலைமுறைக்கு உதவ வேண்டிய முதல். கத்தோலிக்க வீடென்றால் பையனைத் துறவு மடத்துக்கு அனுப்பலாம், அவன் சம்மதித்தால். பேரரசுப் பட்டம் கிடைத்தால் தம்பிகள் ராஜாக்களாகவே இருந்தாலும் அண்ணனுக்குக் கீழே அடங்குவார்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது கொலை. வெளியே தெரிந்தால் சொந்த ரத்தத்தைக் கொன்றவன் என்ற பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். இரக்க குணமுள்ள அரசர் இப்படி ஒரு காரியம் செய்தால் மன அழுத்தம் ஏறி உடைந்தே போவார். அந்தக் குணக்கணக்கு எனக்குப் பிடித்தது. ஆட்டக்காரர் துணிந்தாலும் பாத்திரம் தாங்க வேண்டுமே.

கடைக்குட்டியை மடத்துக்கு அனுப்பினேன். அதனால் கலீசியா மூத்தவனிடமே நின்றது. நடுவுள்ளவனுக்குக் காஸ்டீலை விட்டேன்.

அல்ஃபோன்சோ இறந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பெரிய திரை வந்து, இன்னார் இறந்தார், இன்னார் தொடர்கிறார் என்கிறது. அதை மூடியதும் அதே மாளிகை, அதே கஜானா, அதே சபை. சிற்றரசர்கள் ஒவ்வொருவரின் முகத்தின் மேலும் மவுஸ் அம்பை வைத்துப் பார்த்தேன். அப்பாவோடு போருக்கு வந்து, அவர் வீட்டில் பெண் கொடுத்து, விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பிரபு. அரசர் மேல் அவருக்கு எவ்வளவு மதிப்பு என்று காட்டும் எண் நேற்றுவரை அவர் முகத்தடியில் பச்சை. இன்று சிவப்பு. காரணத்தைத் திறந்தால் வரிசையாக வருகிறது: ஆட்சிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இவரைப் பிடிக்காது, சபையில் இடம் வேண்டும். அப்பா மேல் இருந்த அன்பு ஒரு வரிகூட இல்லை. அது அப்பாவோடு போய்விட்டது. பத்திரம் எழுத வருகிற வீடுகளில் நான் பார்ப்பதும் இதேதான். பெரியவர் இருந்தவரை ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள், காரியம் முடிந்த மறுவாரம் ஆளுக்கொரு பெஞ்சில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

சில மாதத்திலேயே கூட்டணிகள் கிளம்பும். ஒரு கூட்டணிக்கு விடுதலை வேண்டும், இன்னொன்றுக்கு மன்னரின் அதிகாரம் குறைய வேண்டும், மூன்றாவது தம்பியை அரியணையில் உட்கார வைக்கப் பார்க்கும். அண்ணன் பெற்ற பட்டத்தின் மேல் தம்பிக்கும் உரிமை இருப்பதால், வெளியே யாரையும் தேட வேண்டியதில்லை. என் ஆட்டத்தில் மடத்துக்கு அனுப்பியவன் பேசாமல் இருந்தான். காஸ்டீலை வாங்கிக்கொண்டு போனவன்தான் லியோனையும் கேட்டுப் படையோடு வந்தான். போரை விட அதற்கு முந்தைய ஒரு வருடம் எனக்கு மறக்காது: யாருக்குப் பணம் கொடுப்பது, யாருக்குப் பெண் கொடுப்பது, யாரைச் சிறையில் வைப்பது என்று கஜானாவைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்ட வருடம்.

வாரிசு 16 வயதுக்குக் குறைந்தவன் என்றால் பொறுப்பாட்சி. 2023-இல் டூர்ஸ் அண்ட் டோர்னமென்ட்ஸ் என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோதுதான் இந்தப் பகுதியைச் சேர்த்தார்கள். அதிகாரம் பிள்ளை பக்கம் சாய்கிறதா, பொறுப்பாளர் பக்கம் சாய்கிறதா என்று ஒரு தராசு காட்டும். சித்தப்பா பொறுப்பாளராக இருக்கும் வீட்டில் அந்தத் தராசைப் பார்த்துக்கொண்டு எட்டு வருடம் ஓட்டுவது, இந்த ஆட்டம் தருகிற மிகச் சிறந்த பதற்றங்களில் ஒன்று.

தேர்தல் முறைகளும் உண்டு. ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கம் ஒரு விதம், ஸ்காண்டிநேவியாவில் ஒரு விதம். ஓட்டுப் போடும் பிரபுக்களைச் சரிக்கட்டும் வேலை நன்றாகவே இருக்கிறது, ஆனால் பங்கீட்டின் வலி அதில் இல்லை. 2024 செப்டம்பரில் வந்த ரோட்ஸ் டு பவர் பைசாந்தியப் பேரரசுக்கென்று செல்வாக்கைச் சேர்த்துப் பதவியைப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இருக்கிற கூடுதல் தொகுப்புகளில் நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான், ஏனென்றால் நிலத்தை இழந்தவனும் நாடோடியாக அலைந்து ஆடலாம். பங்கில் ஒன்றும் கிடைக்காத கடைசித் தம்பிகளுக்கும் அதன் பிறகு ஒரு வாழ்க்கை இருக்கிறது.

ஃபேன்டஸிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஆட்டத்தின் உலகையே மாற்றும் மோட்கள், ரசிகர்கள் செய்து இலவசமாகத் தருபவை, ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இருக்கின்றன. எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகில் நடக்கும் எல்டர் கிங்ஸ் 2, லார்ட் ஆஃப் த ரிங்ஸ் உலகில் நடக்கும் ரெல்ம்ஸ் இன் எக்ஸைல் இரண்டும் உழைப்பில் அசத்துபவை. வரைபடத்தின் அழகுக்காகவே ஆடலாம். ஆனால் மூப்பே இல்லாத எல்ஃப் அரசரை எடுத்தால் வாரிசுக் கேள்வி எழ வாய்ப்பே குறைந்துவிடுகிறது. அந்த உலகங்களில் மனித அரசர்களை எடுங்கள். அறுபது வயதில் இருமத் தொடங்குகிற ராஜாவுக்குப் பக்கத்து நாட்டில் சாவில்லாத ஒருவர் ஆண்டுகொண்டிருக்கும்போது, உங்கள் வீட்டுப் பங்கீடு இன்னும் உறைக்கும்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். தலைமகனுக்கே எல்லாம் என்ற சட்டம் வந்ததும் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது. சாவு வரும், பெயர் மாறும், நிலம் அப்படியே இருக்கும். 1250-க்கு மேல் ஆட எனக்கு மனம் வருவதில்லை. கூடுதல் தொகுப்புகள் குவிந்துகொண்டே போகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் அடிப்படை ஆட்டத்தின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும், அதனால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். தமிழ் கிடையாது, படிக்க வேண்டியதோ ஏராளம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் மதமும் பண்பாடும் வகுத்த சட்டம் பையன்களை முன்னால் வைத்தால், அதை மாற்றுவது நெடும் வேலை. உண்மை வரலாற்றில் அல்ஃபோன்சோவின் ஒரே மகன் 1108-இல் உக்லெஸ் போரில் செத்து, அடுத்த வருடம் தகப்பனும் போய், அத்தையின் பெயரையே கொண்ட மகள் உர்ராக்கா அரசியானாள். இப்படி ஒரு முடிவு ஆட்டத்தில் பெரும்பாலும் பையன்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வாய்க்கிறது.

என் பெரிய மனக்குறை வேறொன்று. ஃபெர்னாண்டோ இன்ன நகரம் இன்ன மகளுக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்தார். இந்த ஆட்டத்தில் அது முடியாது. எந்த நிலம் எந்தப் பிள்ளைக்கு என்பதைச் சட்டம் தன் போக்கில் பிரிக்கும். நீங்கள் செய்யக்கூடியது, உயிரோடு இருக்கும்போதே ஒரு பகுதியை ஒருவனுக்கு எழுதிக் கொடுப்பதுதான், அதுவும் அன்று முதலே அந்த வருமானத்தை இழந்து. சாகும் அரசர் படுக்கையில் ஓர் உயில் சொல்ல வேண்டும். இந்தக் கோட்டை இவனுக்கு, அந்தத் துறைமுகம் அவளுக்கு என்று. சபையில் யார் சாட்சி நின்றார்கள், யார் பின்னால் அதை மறுக்கிறார்கள் என்பதெல்லாம் ஆட்டத்தில் வர வேண்டும். அப்படி ஒரு தொகுப்பு வந்தால் தள்ளுபடிக்குக்கூடக் காத்திருக்காமல் அன்றே வாங்குவேன்.