கேமராவும் பக்கத்து வீட்டுத் துவைகல்லும்

கண்காணிப்பு கேமராக்களும், நாலு கேமரா வரை பதிவு செய்யும் பெட்டியும் சேர்ந்த நாலு சேனல் டிவிஆர் செட் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டிருந்தான். என் வீட்டில் அது ஓட ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. படத்தில் குறையே சொல்ல முடியாது. ராத்திரியில் கேட்டில் பூட்டு தொங்குவதுகூடத் தெரியும். இருட்டில் படமெடுக்கக் கேமரா விடும் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வலை அசைந்தால் போனில் அலாரம் வரும். அதற்கு ஒட்டடைக் குச்சி போதும்.

என் எரிச்சல் வேறு. போன ஐப்பசி இடியில் ஒரு கேமரா போய்விட்டது. மாற்ற வந்தவர் 3.6 மி.மீ. லென்ஸ் இருந்த இடத்தில் 2.8 மாட்டிவிட்டுப் போனார். எண் குறைந்தால் பார்வை அகலும். பைக் மட்டும் தெரிந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கொல்லை, துவைகல், துணிக்கொடி எல்லாம் வந்துவிட்டன. நான் கவனிக்கவேயில்லை. அந்த வீட்டு அக்காதான் மதிலோரம் நின்று, "தம்பி, ராத்திரியில அந்தச் சிவப்புக் கண்ணு எங்க பக்கமே பாக்குது. துணி துவைக்கவே கூச்சமா இருக்குப்பா" என்றார்.

மெக்கானிக்கைக் கேட்டால், "உங்க சுவர், உங்க கேமரா, யார் சார் கேக்கப் போறா?" என்கிறார். பாதி சரிதான். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி ஆள் தன் வீட்டுத் தேவைக்கு எடுக்கும் பதிவுகளைத் தொடுவதில்லை. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும், நான் தினமும் அக்கா முகத்தில் விழிக்க வேண்டுமே.

மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' இருந்தது. வேண்டாத இடத்தில் கறுப்புக் கட்டம் போட்டால் அது பதிவாகாது. அருமை என்று நினைத்தேன். சாப்ட்வேர் அப்டேட் ஆனதும் கட்டம் காணோம். மறுபடி போட்டேன், அடுத்த அப்டேட்டில் மறுபடி காணோம். சிலந்தி அசைந்தால் நாற்பது தடவை கூவுகிற பெட்டி, இதற்கு வாயே திறப்பதில்லை!

கடைசியில் போனை மதில் வழியாக அக்காவிடமே கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினேன். அவர் திரையைப் பார்த்தபடி, "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்றார். இப்போது பைக்கின் பின்சக்கரமும் கேட்டின் அடிப்பாதியும் தெரிகின்றன. திருடன் வந்தால் செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும்.

ஆக, படம் அருமை, விலையும் நியாயம். வாங்காதே. அடுத்த வாரம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ. அப்படியே வாங்கினாலும், லென்ஸ் எத்தனை மி.மீ. என்று பார்த்துவிட்டு மாட்டச் சொல்.