‘11 பேருக்கும் வசதி’ என்று சொல்லி எங்களைத் திண்டாடவிட்ட தீம் பார்க் விடுதி

பெரிய குடும்பமாகத் தீம் பார்க் பயணம் போடுகிறவர்கள், அறைக்குப் பணம் கட்டும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பூங்காவை ஒட்டிய ஒரு விடுதியும், அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு முன்பதிவுத் தளமும் சேர்ந்து எங்கள் விடுமுறையைப் பாழாக்கின. பணத் தகராறு இன்னும் நடப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை எந்த ஊர் விடுதியும் யாருக்கும் செய்யலாம்.

நாங்கள் 11 பேர். அம்மா, அப்பா, அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், நாங்கள். குழந்தைகள் மூன்று பேர், கடைசியது கைக்குழந்தை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் தேவை. 6 பேருக்கு ஒரு குடும்ப சூட் (பெரிய குடும்ப அறை), 5 பேருக்கு அதை ஒட்டிய அறை, இரண்டுக்கும் நடுவில் திறந்து போய்வரும் உள்கதவு. இதைத்தான் கேட்டேன். “உள்கதவு உறுதியாக உண்டா?” என்று முன்பதிவுத் தளத்தின் சாட்டில் கேட்டதற்கு “உண்டு, உறுதி” என்று பதில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினோம். ரத்து செய்தால் ஒரு பைசாவும் திரும்பாத வகை முன்பதிவு அது.

இரவில் போய்ச் சேர்ந்தால் ஒரு சாவி இரண்டாம் மாடிக்கு, இன்னொன்று ஆறாம் மாடிக்கு. “உள்கதவு என்பது உங்கள் வேண்டுகோள் மட்டும்தான், காலியாக இருந்தால் தருவோம்” என்றார் ரிசெப்ஷனில் இருந்தவர். சாட்டில் வந்த பதிலைக் காட்டினேன். “அது தளத்துக்காரர்கள் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை” என்றார். தளத்தைப் போனில் பிடித்தால், அறை ஒதுக்குவது விடுதியின் பொறுப்பு என்று கைகழுவினார்கள். அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், அக்கா தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் 11 பேரைக் கூட்டிக்கொண்டு வேறு எங்கே போவது? அது அவர்களுக்கும் தெரியும். பெரிய குடும்பத்திடம் இப்படி நடக்கத் துணிவது இந்த ஒரு காரணத்தால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த “6 பேருக்கான” சூட்டில் இருந்தது இரண்டு டபுள் கட்டில், ஒரு சோஃபா கம் பெட். டபுள் கட்டிலின் வழக்கமான அகலம் 54 அங்குலம், அதாவது ஆளுக்கு 27. அமெரிக்காவில் விற்கும் முழு அளவுக் குழந்தைத் தொட்டிலின் உள்ளகலமே 28 அங்குலம். வளர்ந்த இரண்டு பேரை இதில் படுக்கச் சொல்லிவிட்டு “வசதியாகத் தங்கலாம்” என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு அடுத்த பெரிய கட்டிலான குவீன் அளவு என்றால் 60 அங்குலமாவது கிடைக்கும். சோஃபாவை விரித்ததும் கழிவறைக்குப் போகும் வழி அடைபட்டது. ராத்திரி அம்மா எழுந்தால், அதில் படுத்திருந்தவர்களை எழுப்பி அதை மடக்கினால்தான் போக முடியும். மெத்தைக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டம் அண்ணன் முதுகைப் பதம் பார்த்தது தனிக் கதை.

அதனால் “எத்தனை பேர் தங்கலாம்” என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை கட்டில், ஒவ்வொன்றும் என்ன அளவு, அதில் சோஃபா எத்தனை, குளியலறை எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 11 பேர் காலையில் பூங்கா திறக்கும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றால், கட்டிலைவிடக் குளியலறைதான் பெரிய பிரச்சினை. சில விடுதிகள் இதை ஒழுங்காகவே சொல்கின்றன. ஃபுளோரிடா வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் உள்ள குடும்ப சூட் 6 பேருக்கானது, அதில் இரண்டு குளியலறை. 3 வயதுக்குட்பட்ட குழந்தை தொட்டிலில் படுத்தால் அந்தக் கணக்குக்கு மேல் ஒருவராக அனுமதிக்கிறார்கள். இப்படித் தெளிவாக எழுதி வைக்காத இடத்தில் நீங்கள்தான் கேட்க வேண்டும். அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பில் தீப்பாதுகாப்பு விதியும் அடங்கியிருப்பதால், “போய்ச் சமாளித்துக்கொள்ளலாம்” என்று ஆளைக் குறைத்துப் பதிவு செய்யவும் கூடாது.

எங்கள் கைக்குழந்தையின் வயதைப் பதிவிலேயே கொடுத்திருந்தோம். அப்படியும் செக்-இன் நேரத்தில் அதற்குக் “கூடுதல் நபர் கட்டணம்” கேட்டார்கள். அதோடு இரண்டு அறைக்கும் ஒவ்வொரு இரவுக்கும் ரிசார்ட் கட்டணம் (விடுதி வசதிகளுக்கென்று வாடகைக்கு மேல் வாங்குவது), வண்டிக்குப் பார்க்கிங். பணம் கட்டியபோது வந்த உறுதிச் சீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. அறை இரண்டு மூன்றாகும்போது இந்தக் கட்டணமும் அப்படியே பெருகும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையைத் தங்குமிடங்கள் முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. “நாங்கள் அங்கே வந்த பிறகு கட்ட வேண்டிய தொகை ஏதாவது இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். “பூங்காவுக்கு 5 நிமிடம்” என்று போட்டிருந்தார்கள். அது பூங்கா நிலத்தின் எல்லைக்கு, அதுவும் காரில். வால்ட் டிஸ்னி வேர்ல்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நிலம் சுமார் 25,000 ஏக்கர். காரில் போகிறவர்கள் அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டம் வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டாலும் பூங்கா வாசல் வந்துவிடாது, ஏரியைத் தாண்ட மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். வயதானவர்களும் தள்ளுவண்டியில் குழந்தையும் இருந்தால் இந்தக் கடைசிப் பகுதிதான் ஆளைக் களைப்பாக்கும். அதனால் விடுதி வாசலிலிருந்து டிக்கெட் காட்டும் வாசல் வரை எவ்வளவு நேரம் என்று கேளுங்கள், வரைபடத்திலும் நீங்களே பாருங்கள். பூங்காவின் பெயர் கொண்ட விடுதிதான் பக்கத்தில் இருக்கும் என்றும் இல்லை. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் எதிர்ச் சாலையில் இருக்கும் வெளியார் விடுதிகள் சில, டிஸ்னியின் சொந்த விடுதிகளைவிட வாசலுக்கு நெருக்கம்.

எங்கள் விடுதி பூங்காவுக்குப் போய்வர “இலவச ஷட்டில்” என்று விளம்பரப்படுத்தியது ஒரு சின்ன வேன். முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு இடம். 11 பேரும் ஒன்றாக ஏற ஒருமுறைகூட முடியவில்லை. வாணவேடிக்கை முடிவதற்கு முன்பே கடைசி வண்டி கிளம்பிவிடும், குழந்தைகள் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். பாதியில் எழுப்பிக் கூட்டி வந்தபோது அண்ணன் மகள் வழியெல்லாம் அழுதாள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதில்தான். பணம் திரும்ப வரலாம், அந்த ராத்திரி வராது.

இன்னொன்று, “பூங்காவின் கூட்டாளி விடுதி” என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்து, சீக்கிரம் உள்ளே விடுவார்களா என்று கேட்டோம். அப்படி ஒன்றும் இல்லையாம். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் சொந்த விடுதிகளில் தங்குகிறவர்களை 30 நிமிடம் முன்னதாகவே பூங்காவுக்குள் அனுமதிக்கிறார்கள். கூட்டமான நாளில் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த அரை மணி பெரிய விஷயம். கூட்டாளி என்ற பட்டத்துக்காக அதிகப் பணம் கேட்டால், அதனால் என்னென்ன சலுகை உண்டு என்று பூங்காவின் சொந்த இணையதளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊர் திரும்பியதும் சாட், உறுதிச் சீட்டு, சோஃபா விரித்த படம், ரசீது எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பக்கத்துக்கும் அனுப்பினேன். குழந்தைக்கு வாங்கிய கட்டணத்தை மட்டும் விடுதி திருப்பித் தந்தது. மீதிக்கு, சொன்ன சேவை தரப்படவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியில் முறையிட்டிருக்கிறேன். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இந்த வகைப் புகாருக்கு வழக்கமாக 120 நாள் அவகாசம். சில வங்கிகள் அதற்கு முன்பே கேட்கும், தள்ளிப்போடாதீர்கள். நேரடிப் பணமாற்றம் செய்தால் இந்த வழி கிடையாது, அதனால் “இப்போதே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் தள்ளுபடி” என்று யாராவது சொன்னால் அந்த இடமே வேண்டாம். வங்கி இப்போது தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. முடிவு தெரிந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.