மட்காட்டிலா, கதவிலா? பழைய எம்.ஜி.பி.க்கு யாழ்ப்பாணத்தில் சைட் கண்ணாடி பூட்டுதல்

எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பழைய இங்கிலாந்துத் திறந்த காருக்குச் சைட் கண்ணாடி மாற்றப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். வட்டமா, நீள்சதுரமா, ரேஸ் கார்களில் வந்த அந்தத் துப்பாக்கிக் குண்டு வடிவமா என்று. என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. கண்ணாடி காரில் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பது முதலாவது, தட்டையானதா குவிந்ததா என்பது இரண்டாவது. இவை இரண்டும் தீர்ந்தால் வடிவத்தில் ஆசைப்பட்டதைப் போடலாம்.

இந்தக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்டது. அறுபதுகளின் இங்கிலாந்துக் கார்களில் வெளிக்கண்ணாடியை, முன் சில்லை மூடும் மட்காட்டின் மேல் பூட்டுவது பெருவழக்கு. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஓடிய ஊரில் வளர்ந்த நமக்கும் கண்ணுக்குப் பழகியது அதுதான். பொனட்டின் இரு பக்கமும் குறோம் தண்டில் இரண்டு வட்டக் கண்ணாடிகள் நிமிர்ந்து நிற்பது உண்மையிலேயே வடிவு. அழகுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. முன் கண்ணாடி வழியாகவே இரண்டையும் பார்க்கலாம், கழுத்தைத் திருப்பத் தேவையில்லை. ஒழுங்கையில் இரண்டு மதில்களுக்கு நடுவே காரை எடுக்கும்போதும் மட்காட் கண்ணாடி எங்கே முட்டப் போகிறது என்பது இருக்கையில் இருந்தே தெரியும். கதவுக் கண்ணாடி அதைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் கணக்குப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. 10 சென்றிமீற்றர் விட்டமுள்ள தட்டைக் கண்ணாடி ஒன்று மட்காட்டில், சாரதியின் கண்ணிலிருந்து சுமார் 1.5 மீற்றர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். அதில் தெரிவது 4 பாகை அளவுதான். 20 மீற்றர் பின்னால் அது ஏறத்தாழ 1.5 மீற்றர் அகலம், ஒரு பஸ்ஸின் முகம்கூட முழுதாகத் தெரியாது. அதே கண்ணாடியை வலக் கதவில், கண்ணிலிருந்து 65 சென்றிமீற்றரில் பூட்டினால் 9 பாகைக்குக் கிட்ட வரும். அதே 20 மீற்றரில் 3 மீற்றருக்கு மேல் தெரியும். காசு எதுவும் கூடச் செலவழிக்காமல், இடத்தை மாற்றியதால் மட்டும் கிடைத்த இரட்டிப்பு இது.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின்கள் ஓடிய காலத்தில் பின்னால் வந்தவை பெரும்பாலும் சைக்கிள்கள். அப்போது 1.5 மீற்றர் போதும். இப்போது ஆஸ்பத்திரி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ வலமும் இடமும் பாராமல் மோட்டார் சைக்கிள்கள் முந்துகின்றன. ரோட்ஸ்டரின் ஹூட்டை, அதாவது மடக்கும் துணிக்கூரையை, மூடிவிட்டால் பின்பக்க மூலை இரண்டும் குருடு. பின்னால் இருக்கும் பிளாஸ்ரிக் ஜன்னலும் வெயிலில் மங்கிப்போகும். ஹூட் மூடிய காரில் சைட் கண்ணாடிதான் கண். ஆகவே நான் கதவின் பக்கம்.

இடப்பக்கத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். இடக் கதவுக் கண்ணாடி சாரதியின் கண்ணிலிருந்து 1.2 மீற்றருக்கு அப்பால் நிற்பதால், அங்கே தட்டைக் கண்ணாடி போட்டால் மறுபடி 5 பாகைக்குள் வந்துவிடும். அதனால் இடப்பக்கம் குவிந்த கண்ணாடிதான் சரி. அதில் எல்லாம் சிறிதாகத் தெரிவதால், வரும் வாகனம் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். அமெரிக்காவில் பயணி பக்கத்துக் குவிகண்ணாடியில் அந்த எச்சரிக்கையை எழுத்திலேயே பொறிக்கிறார்கள். வலப்பக்கம் தட்டை, இடப்பக்கம் குவிவு என்று கலந்து போட்டால், தூரத்தை மதிக்க ஒன்று, ஆள் இருக்கிறாரா என்று பார்க்க ஒன்று. சோடியாக வாங்கும்போது இரண்டிலும் ஒரே வகைக் கண்ணாடி வருவதுண்டு, கேட்டு வாங்குங்கள். தட்டைக் கண்ணாடி பழுதானால் கண்ணாடி வெட்டும் கடையில் வட்டமாக வெட்டி எடுக்கலாம். குவிந்ததற்கு அந்த வசதி குறைவு.

குண்டு வடிவக் கண்ணாடி பார்க்க ஆளை மயக்கும், அதை மறுக்க முடியாது. ரோல்போட், ரேடியோட் என்ற பெயர்களில் பழையவையும் அவற்றின் பிரதிகளும் கிடைக்கின்றன. ஆனால் கூட்டுக்குள் கண்ணாடி சிறிது, தெரிவதும் சிறிது. கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் சரி, நாளாந்தம் ஓட்டும் காருக்கு நான் போடமாட்டேன். ஓட்டோக் கண்ணாடியை மாற்றிப் பூட்டும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். மலிவு, உடைந்தால் மறுநாளே வாங்கலாம். அந்தக் கறுப்புப் பிளாஸ்ரிக் இந்தக் காரின் கதவில் படும்பாடு எனக்குப் பொறுக்காது.

கதவின் விளிம்பில் திருகி இறுக்கும் கவ்விக் கண்ணாடிக்கு ஓட்டை தேவையில்லை. அதுதான் அதன் ஒரே பெருமை. குண்டும் குழியுமான உள்வீதியில் அதிரும், கவ்வும் இடத்தில் பெயின்ற் உரியும், அந்த உரிந்த இடத்தில் உப்புக்காற்று வேலையைத் தொடங்கும். ஆனாலும் ஒரு கவ்விக் கண்ணாடியை இரவல் வாங்குங்கள். ஓட்டை போட முன் கதவில் அங்கும் இங்கும் வைத்து, உங்கள் உயரத்துக்கு எந்த இடம் பொருந்துகிறது என்று பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

இடம் பார்க்கும்போது கதவின் முன்மூலையில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் திறந்து பாருங்கள். குளிரூட்டி இல்லாத காரில் சித்திரை வெயிலுக்கு அதுதான் காற்று. சைட் கண்ணாடியை அளவுக்கு மிஞ்சி முன்னே தள்ளினால் அது திறக்காமல் முட்டும். எனக்கு ஓட்டை போட்டுத் தந்த ரிங்கர் (கார்த் தகடு) வேலைக்காரர் டிறில்லைக் கையில் எடுக்க முன் சொன்னது இது: “தம்பி, ஜன்னல் கண்ணாடியை ஏத்தி இறக்கிக் காட்டும், உள்ளுக்கை திருகு எங்கை முட்டுதெண்டு பாப்பம்.” நீளத் திருகு உள்ளே போனால் ஜன்னல் கண்ணாடியைக் கீறிவிடும். பிறகு மறைப்பு நாடா ஒட்டி, புள்ளி குத்தி, சின்ன ஓட்டையில் தொடங்கிப் பெருப்பித்தார். விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு பிடிக்காத பிறைமர் தடவி, அது காய்ந்த பிறகுதான் சைட் கண்ணாடியின் அடிப்பாகத்து ரப்பரை வைத்தார். அந்த ரப்பர் இல்லாமல் பூட்டினால் மாரி மழை போக முன்பே துரு தெரியும். மட்காட்டில் போட்டாலும் இதே கவனம் வேண்டும், இன்னும் கூடவே வேண்டும். கீழிருந்து சில்லு அடிக்கும் சேறும் தண்ணீரும் நேரே அந்த ஓட்டையில்தான் படும். எம்.ஜி.பி.யின் முன் மட்காட் கழற்றி மாற்றக்கூடியது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

உலோகத்தில் ஒரே பேச்சு: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நாகக் (சிங்க்) கலவையில் வார்த்துக் குறோம் பூசியது கடற்காற்றில் புள்ளி புள்ளியாகப் பொங்கும், அதன்பிறகு எந்தப் பொலிஷும் உதவாது. லண்டனில் இருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவதென்றால், ஒரு சோடி கண்ணாடி பயணப் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே அடங்கிவிடும். அடிப்பாகத்து ரப்பர்களை மேலதிகமாக இரண்டு சோடி கொண்டுவரச் சொல்லுங்கள்.

பூட்டி முடித்தபின் ஹூட்டை மூடிவிட்டு, உங்கள் வழக்கமான இருப்பில் இருந்தபடி சரிசெய்யுங்கள். காரின் பக்கம் கண்ணாடியின் உள்விளிம்பில் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிந்தால் போதும், மீதிக் கண்ணாடி வீதிக்கு. ஒரு கிழமை ஓடியபின் திருகுகளை மறுபடி இறுக்குங்கள். கதவை அடித்துச் சாத்தும் அதிர்வில் முதலில் தளர்வது அவைதான்.