தொல்பொருளா, செய்பொருளா?

‘ஆர்ட்டிஃபேக்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் தொல்பொருள், செய்பொருள் ஆகியவற்றுள் எது தகும் என்று ராயபுரத்தில் நண்பர்களிடையே பேச்சு எழுந்தது. தொல்பொருள் பழகிய சொல். ஆனால் அது பழைமையை மட்டுமே சுட்டுவதால், மனிதக் கை படாமல் இயற்கையாகவே கல்லாகிப்போன திருவக்கரைக் கல்மரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கைத்திறனால் செய்யப்பட்டது என்னும் லத்தீன் வேர்ப்பொருளைச் செய்பொருளே காக்கிறது. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கோடரியும், நேற்று காசிமேட்டில் முடிந்த வலையும் அதில் ஒருங்கே அடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சட்டத்துக்கோ வயது வேண்டும்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டுப் பழைமையைக் கேட்பதால், அங்கே முதற்சொல்லே பொருந்தும். ஸ்கேன் படத்தில், நோயாளி அசைவதாலோ உடலிலுள்ள உலோகத்தாலோ விழும் போலி நிழலையும் மருத்துவர்கள் ஆர்ட்டிஃபேக்ட் என்பர். அதற்கு இவ்விரண்டும் உதவா, ‘பொய்த்தோற்றம்’ என்பதே தெளிவு.